டிக்கெட் தீர்ந்த நாடகத்துக்கு வெயிட்டிங் லிஸ்ட்: எப்படி நடத்துவது?

கோவை_அரங்கம் கேட்டது:

கோவையில் ஒரே காட்சி, சனிக்கிழமை மாலை 6.30. அரங்கில் 286 இருக்கை. முன்பகுதி 6 வரிசை (96 சீட்) எண் போட்டது, 600 ரூபாய். பின்பகுதி 190 சீட், எண் கிடையாது, வந்தவர் கிடைத்த இடத்தில் உட்காரலாம், 350 ரூபாய். விருந்தினர், பத்திரிகை, ஸ்பான்சர் என்று இரண்டு பகுதியிலும் பன்னிரண்டு பன்னிரண்டாக 24 சீட்டை ஒதுக்கி வைத்திருக்கிறோம். மீதி 262-ம் விற்றுத் தீர்ந்துவிட்டது. காட்சிக்கு இன்னும் 19 நாள் இருக்கிறது.

கூகுள் ஃபார்ம் வழியாக விற்றோம். பணம் பேமென்ட் கேட்வே (இணையத்தில் பணம் வசூலித்துத் தரும் சேவை) லிங்க்கில் வந்தது, டிக்கெட் கியூஆர் கோடோடு மெயிலில் போனது. இப்போது வாட்ஸ்அப்பில் "யாராச்சும் கேன்சல் பண்ணா சொல்லுங்க" என்று எழுபது பேருக்கு மேல் நிற்கிறார்கள். டிக்கெட்டில் "பணம் திருப்பித் தரப்படாது" என்று போட்டிருக்கிறோம்.

பட்டியலை எதில் வைப்பது? முன்பணம் வாங்கலாமா? சீட் வந்தால் ஒருவருக்கு எவ்வளவு நேரம் கொடுப்பது? வந்தது ஒரு சீட், முதலில் நிற்பவர் கேட்டது நாலு என்றால் என்ன செய்வது? இரண்டாவது காட்சிக்கு அரங்கம் காலியில்லை, அதைக் கேட்டுப் பார்த்தாயிற்று.


முன்பதிவு_மேசை:

முதலில் அந்த "பணம் திருப்பித் தரப்படாது" வரியை மாற்றுங்கள். அது இருக்கும்வரை, வர முடியாதவர் டிக்கெட்டை மைத்துனருக்கோ ஆபீஸ் நண்பருக்கோ கொடுத்துவிடுவார், இல்லாவிட்டால் சும்மா விட்டுவிடுவார். உங்கள் கைக்கு ஒரு சீட்கூட வராது. ஃபார்ம் போட்டுப் பெயர் சேர்ப்பது அரை மணி நேர வேலை. வாங்கியவர் திருப்பித் தருவதற்கு ஒரு காரணம் உண்டாக்குவதுதான் இதில் பெரிய வேலை.

262 டிக்கெட்டையும் வாங்கியவர்களுக்கு இப்போது ஒரு முறை, காட்சி வாரத்தின் திங்கட்கிழமை இன்னொரு முறை இப்படி அனுப்புங்கள்: "சனிக்கிழமை வர இயலாதவர்கள் வியாழன் இரவு 9 மணிக்குள் இந்த ஃபார்மில் டிக்கெட் எண்ணைப் பதிவு செய்யவும். காத்திருப்பவர் ஒருவர் அதை வாங்கியதும், கேட்வே கட்டணம் போக மீதித் தொகை உங்களுக்குத் திரும்பும்." திங்கட்கிழமை நினைவூட்டலை விட்டுவிடாதீர்கள், வார இறுதிக்கு என்ன செய்யப் போகிறோம் என்று வீட்டில் முடிவாவது அப்போதுதான். மறுவிற்பனை ஆனால்தான் பணம் என்பதைத் தெளிவாக எழுதிவிட்டால் உங்களுக்கு நஷ்டம் கிடையாது. மூன்று பேர் திருப்பி ஒன்று மட்டும் விற்றால், முதலில் திருப்பியவருக்கு முதலில் பணம். அந்த வரிசையையும் நேரம் போட்டு வைத்திருங்கள்.

காத்திருப்போர் ஃபார்மில் கேட்க வேண்டியவை: பெயர், வாட்ஸ்அப் உள்ள கைபேசி எண், மெயில், எத்தனை டிக்கெட் (4-க்கு மேல் தேர்வே வைக்காதீர்கள்), 600-ஆ 350-ஆ இரண்டில் எதுவானாலும் சரியா, கேட்டதைவிடக் குறைவாகக் கிடைத்தாலும் எடுத்துக்கொள்வீர்களா. கூடவே, பலர் கேட்க மறக்கும் ஒரு கேள்வி: "எவ்வளவு முன்னதாகச் சொன்னால் வர முடியும்?" இரண்டு மணி நேரம், அரை நாள், இரண்டு நாள் என்று மூன்று தேர்வு போதும். பொள்ளாச்சியிலிருந்தோ ஈரோட்டிலிருந்தோ வருபவரைச் சனிக்கிழமை நாலு மணிக்குக் கூப்பிட்டால் உங்கள் நேரமும் போகும், அவருக்கும் எரிச்சல்.

ஃபார்மின் தலையிலேயே "இது டிக்கெட் இல்லை. இடம் கிடைத்தால் மட்டும் அழைப்போம். காட்சிக்கு நேரில் வந்து நிற்க வேண்டாம்" என்று போடுங்கள். பதிவானதும் வரும் செய்தியிலும் அதே வரி.

ஃபார்ம் பதில்கள் சேரும் கூகுள் ஷீட்டில் மூன்று இடத்தில் கோளாறு வரும். ஒன்று, பதில்கள் வந்து விழும் தாளில் யாரும் வரிசையை மாற்றி அடுக்கக் கூடாது. வந்த நேரம்தான் வரிசை எண், அதைக் கலைத்தால் சண்டை. இரண்டு, தனித் தாளில் ஃபில்டர் அல்லது க்வெரி ஃபார்முலா போட்டு "காத்திருப்பவர் மட்டும்" என்று பார்ப்பது நல்லது. ஆனால் அந்தத் தாளில் பக்கத்துக் கட்டத்தில் "பேசியாச்சு" என்று கையால் எழுதாதீர்கள். மேலே ஒருவர் பட்டியலிலிருந்து விலகியதும் ஃபார்முலா வரிசை ஒன்று மேலே ஏறும், நீங்கள் எழுதியது அங்கேயே நிற்கும், ஒருவர் குறிப்பு அடுத்தவர் பெயருக்கு எதிரே போய்விடும். நிலையை மூலத் தாளிலேயே தனிப் பத்தியில் போடுங்கள்: காத்திருப்பு, அழைத்தது, கட்டியது, காலாவதி, விலகல். இந்த ஐந்தும் டிராப் டவுனில் இருக்கட்டும், ஆளுக்கொரு வார்த்தை எழுதினால் ஃபில்டர் வேலை செய்யாது. மூன்று, ஷீட்டின் அமைப்புகளில் நேர மண்டலம் இந்தியாவுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். வேறாக இருந்தால் கெடு கணக்கு மொத்தமும் தப்பும்.

வாட்ஸ்அப்பில் ஏற்கெனவே நிற்கும் எழுபது பேருக்கு ஃபார்ம் லிங்க்கை முதலில் அனுப்பி ஒரு நாள் விட்டு, பிறகு மற்ற இடங்களில் போடுங்கள். நிரப்பாதவர்களுக்காக நீங்களே செய்வதானால் ஃபார்மைத் திறந்து சமர்ப்பியுங்கள், ஷீட்டின் அடியில் நேரடியாகத் தட்டச்சு செய்யாதீர்கள்.

பட்டியலுக்கு ஒரு எல்லை வேண்டும், அதைத் தலைக்கணக்கில் வைக்காமல் டிக்கெட் கணக்கில் வையுங்கள். 262-க்கு 80 டிக்கெட் அளவு சேர்ந்ததும் ஃபார்மை மூடிவிடலாம் என்பது என் எண்ணம். அதற்கு மேல் சேர்ப்பது வீண் நம்பிக்கை கொடுப்பது.


கல்லாப்பெட்டி:

முன்பணம் வேண்டாம். ரயில்வே வெயிட்டிங் லிஸ்ட்டில் முழுப் பணத்தையும் முதலில் வாங்குகிறார்கள், சார்ட் போட்டதும் இடம் கிடைக்காத இ-டிக்கெட் தானாக ரத்தாகிப் பணம் திரும்புகிறது என்றால், அதற்கான எந்திரம் அவர்களிடம் இருக்கிறது. நீங்கள் கையால் ஒவ்வொன்றாக ரீஃபண்ட் போட வேண்டும். பொதுவாக ரீஃபண்ட் செய்தாலும் கேட்வே கட்டணமும் அதன் மேல் ஜிஎஸ்டியும் திரும்ப வராது. கட்டணம் 2 சதவீதம் என்றால் 350 ரூபாய்க்கு 7 ரூபாய், அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக 8.26. நூற்று இருபது டிக்கெட்டைத் திருப்பினால் 991 ரூபாய் காற்றில் போகும். பணம் போய்ச் சேர ஐந்து முதல் ஏழு வேலை நாள் ஆகும், அதற்குள் "என் காசு எங்கே" என்று போன் மேல் போன்.

சரியான முறை: சீட் கையில் வந்ததும் வரிசையில் உள்ள ஒருவருக்கு மட்டும், அவருக்கென்றே ஒரு பேமென்ட் லிங்க், காலாவதி நேரத்தோடு. ரெஃபரன்ஸ் எண்ணில் அவருடைய வரிசை எண்ணைப் போடுங்கள். பகுதித் தொகை கட்டும் வசதியை அணைத்து வையுங்கள். ரேசர்பேயில் லிங்க்கின் காலாவதி குறைந்தது 15 நிமிடம் தள்ளி இருக்க வேண்டும், அதற்குக் குறைவாக ஏற்காது. வேறு கேட்வே என்றால் அதன் வரம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு சீட்டுக்கு மூன்று பேருக்கு லிங்க் அனுப்பி "முதலில் கட்டுபவருக்கு" என்று விடாதீர்கள். இரண்டு பேர் ஒரே நிமிடத்தில் கட்டுவார்கள். அதோடு, அப்படிச் செய்தால் அதற்குப் பெயர் வரிசையே இல்லை.

எவ்வளவு நேரம் என்று கேட்டீர்கள். காட்சிக்கு ஒரு வாரத்துக்கு மேல் இருந்தால் 24 மணி நேரம். ஒரு வாரத்துக்குள் 6 மணி நேரம். வியாழன் இரவு திருப்பும் கெடு முடிந்த பிறகு 2 மணி நேரம். சனிக்கிழமை அரை மணி நேரம், அதுவும் போனில் பேசி "வருகிறேன்" என்று சொன்ன பிறகுதான் லிங்க். இரவு 9-லிருந்து காலை 8 வரை கடிகாரம் ஓடக் கூடாது. இரவு பத்துக்கு அனுப்பி நள்ளிரவு பன்னிரண்டுக்குக் காலாவதி ஆக்கினால், காலையில் எழுந்து பார்த்தவர் திட்டுவது நியாயம்.

லிங்க் காலாவதி ஆன நொடியே அடுத்தவருக்கு அனுப்பக் கூடாது. 5.58-க்கு யுபிஐயில் பின் போட்டிருப்பார், கணக்கில் காசு கழிந்திருக்கும், வங்கியிலிருந்து உறுதி 6.07-க்கு வரும். கேட்வேயில் அது தாமதமாக வெற்றி என்று காட்டும். அதற்குள் நீங்கள் இன்னொருவருக்குச் சீட்டை விற்றிருந்தால் ஒரு நாற்காலிக்கு இரண்டு பேர். 24 மணி, 6 மணி கெடுவுக்கு அரை மணி இடைவெளி விடுங்கள். கடைசி நாளில் பத்து நிமிடம், கூடவே டாஷ்போர்டைப் புதுப்பித்துப் பார்த்துவிட்டு அடுத்தவருக்கு அனுப்புங்கள்.

நிலையான கியூஆரோ சொந்த யுபிஐ எண்ணோ கொடுக்காதீர்கள். கெடு முடிந்த பிறகும் காசு வந்துகொண்டே இருக்கும், யார் அனுப்பியது என்று தெரியாது. ஸ்க்ரீன்ஷாட்டை நம்பி டிக்கெட் கொடுப்பவர்களைக் குறிவைத்தே போலி ஸ்க்ரீன்ஷாட் வரும்.

பழைய டிக்கெட்காரருக்கு ரீஃபண்ட், புதியவர் பணம் உறுதியான பிறகு மட்டும், முதலில் கட்டிய அதே வழியில் கேட்வேக்குள்ளேயே. "இந்த ஜிபே நம்பருக்கு அனுப்பிடுங்க" என்றால் மறுத்துவிடுங்கள். கணக்கில் ஒரு பக்கம் வரவும் இன்னொரு பக்கம் தனிச் செலவுமாக நிற்கும், ஆடிட்டர் கேட்பார். அதோடு, கேட்பவர் வாங்கியவர்தானா என்பதற்கும் சான்று இல்லை.


கோவை_அரங்கம்:

இருவருக்கும் நன்றி. டிக்கெட்டைத் திருப்பியவர் மனம் மாறி வந்துவிட்டால்? நாலு சீட் கேட்பவர் விஷயம் இன்னும் பாக்கி. இதெல்லாம் கையால் செய்யாமல் தானாகச் செய்யும் தளம் ஏதாவது உண்டா?


முன்பதிவு_மேசை:

திருப்பும் ஃபார்ம் வந்ததுமே அந்த கியூஆரை நிறுத்தி வையுங்கள், அதை அவருக்கு மெயிலிலும் சொல்லிவிடுங்கள். வெள்ளி மதியம் 12 வரை விற்காவிட்டால் மறுபடி உயிர் கொடுத்து "உங்கள் டிக்கெட் செல்லும்" என்று தகவல். அதற்கு முன் மனம் மாறினால், லிங்க் யாருக்கும் போகாதவரை திருப்பிக் கொடுக்கலாம். போய்விட்டால் முடியாது. இந்த வரி ஃபார்மில் இருக்க வேண்டும், வாயால் சொன்னது பின்னால் நிற்காது.

குழு விஷயத்தில் என் விதி இது. வந்த சீட் எண்ணிக்கைக்குப் பொருந்தும் முதல் ஆளுக்குக் கொடு. தாண்டிப் போனவரின் இடம் அப்படியே இருக்கும். "குறைவாகவும் சரி" என்று குறித்தவரிடம் மட்டும் முதலில் கேள். நாலு கேட்டவருக்காக ஒற்றைச் சீட்டுகளைச் சேர்த்து வைக்காதீர்கள். நாலாவது வராமலே போனால் மூன்று சீட் காலியாகக் கிடக்கும்.


நிரல்_நெசவு:

பத்தொன்பது நாள் இருக்கும்போது பாதியில் தளம் மாறாதீர்கள். விற்ற 262-ஐ இறக்குமதி செய்து, கியூஆர் மாற்றி, எல்லோருக்கும் புதிய மெயில் அனுப்பி... வேண்டாம். அடுத்த நிகழ்ச்சிக்குச் சொல்கிறேன்.

ப்ரீடிக்ஸ் என்று ஜெர்மனியில் உருவான திறமூல டிக்கெட் மென்பொருள் உண்டு, சொந்த சர்வரிலும் நிறுவலாம். அதில் வெயிட்டிங் லிஸ்ட் உள்ளேயே இருக்கிறது. சீட் காலியானால் வரிசையில் முதல் ஆளுக்குத் தானாக வவுச்சர் மெயில் போகும், அந்த வவுச்சர் உயிரோடு இருக்கும்வரை சீட் அவருக்காக ஒதுங்கி நிற்கும். பதில் நேரம் இயல்பாக 48 மணி. காட்சி நெருங்க நெருங்க நீங்களேதான் அதைக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் வெள்ளிக்கிழமை போன வவுச்சர் காட்சி முடிந்த பிறகும் செல்லுபடியாக இருக்கும். ஒவ்வொரு பதிவும் ஒரு டிக்கெட்டுக்குத்தான், ஆகவே குழுவாகக் கேட்பவர்களைப் பார்க்க அது தோதில்லை. நிறுவும் முன் இந்திய கேட்வே இணைப்பு கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஈவன்ட்பிரைட் என்ற டிக்கெட் விற்பனைத் தளத்திலும் பட்டியல் வசதி உண்டு: பட்டியலின் உச்ச அளவு, பதில் நேரம், ஒரு வகை டிக்கெட் தீர்ந்தால் தொடங்குவதா மொத்த இருக்கையும் தீர்ந்தால் தொடங்குவதா என்றெல்லாம் அமைக்கலாம். உங்களைப் போல இரண்டு விலை வைத்திருப்பவர்கள் வகைவாரியாக வைப்பதே நல்லது.

எந்தத் தளமானாலும் ஒரு பொறி இருக்கிறது. விருந்தினர் ஒதுக்கீட்டிலிருந்து சீட்டை விடுவிக்க மொத்த எண்ணிக்கையை ஏற்றினால், சில இடங்களில் அது நேராகப் பொது விற்பனைக்குப் போய்விடும். பக்கத்தைத் திறந்து வைத்திருக்கும் யாரோ ஒருவர் நொடியில் வாங்கிவிடுவார், பட்டியலில் நிற்பவர் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு சோதனை நிகழ்ச்சி உண்டாக்கி, இரண்டு சீட் வைத்து, இரண்டையும் விற்று, ஒன்றை ரத்து செய்து, அது எங்கே போகிறது என்று பார்த்துவிட்டுப் பிறகு நம்புங்கள்.

கையால் செய்யும்போது செய்தி போய்ச் சேருவதுதான் கஷ்டம். ஆப்ஸ் ஸ்கிரிப்ட்டில் (ஷீட்டிலிருந்தே தானாக மெயில் அனுப்ப எழுதும் கூகுள் நிரல்) மெயில் அனுப்பினால் சாதாரண ஜிமெயில் கணக்குக்கு ஒரு நாளைக்கு 100 பேர் வரம்பு, நிறுவனங்கள் காசு கட்டி வாங்கும் ஒர்க்ஸ்பேஸ் கணக்குக்கு 1500. வாங்கியவர்கள் அனைவருக்கும் ஒரே நாளில் அனுப்ப இலவசக் கணக்கு போதாமல் போகலாம், பாதியில் நின்றால் யாருக்குப் போனது என்று தேட வேண்டியிருக்கும். ஷீட்டில் "அனுப்பியது" பத்தியை ஒவ்வொரு மெயிலுக்குப் பிறகும் நிரப்பும்படி எழுதுங்கள். வாட்ஸ்அப் பிராட்காஸ்ட், உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்தவருக்கு மட்டுமே போகும். சேமிக்காதவருக்குப் போகவில்லை என்பதே உங்களுக்குத் தெரியாது. மொத்தமாக எஸ்எம்எஸ் அனுப்ப தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் டிஎல்டி பதிவு (மொத்த எஸ்எம்எஸ் அனுப்புபவர்களுக்கான பதிவேடு), அனுப்புநர் பெயர், செய்தி வார்ப்புரு ஒப்புதல் எல்லாம் வேண்டும், ஒரு காட்சிக்காக அந்த வேலையில் இறங்காதீர்கள். சீட் அழைப்பைத் தனித்தனி வாட்ஸ்அப் செய்தி, கூடவே மெயில் என்று இரண்டிலும் அனுப்புங்கள். கடைசி இரண்டு நாள் போன்.

செய்தி இப்படி இருக்கட்டும்: "உங்கள் வரிசை எண் 14. பின்பகுதியில் 2 சீட் (மொத்தம் 700 ரூபாய்) உங்களுக்காக இன்று மாலை 5.00 வரை வைத்திருக்கிறோம். கட்ட: லிங்க். வேண்டாம் என்றால் 'வேண்டாம்' என்று பதில் அனுப்பவும், அடுத்தவருக்கு உடனே போகும்." "6 மணி நேரத்துக்குள்" என்று எழுதாதீர்கள், எப்போதிலிருந்து என்ற சண்டை வரும். கடிகார நேரத்தையே எழுதுங்கள்.

"நான் எத்தனையாவது?" என்று எல்லோரும் கேட்பார்கள். அதற்காக ஷீட்டையே "லிங்க் உள்ளவர் எவரும் பார்க்கலாம்" என்று திறந்துவிடாதீர்கள், எழுபது பேரின் எண்ணும் வெளியே போகும். வரிசை எண், கைபேசியின் கடைசி மூன்று இலக்கம், நிலை என்ற மூன்று பத்தியை மட்டும் வேறு ஃபைலில் வெளியிடலாம். காட்சி முடிந்து ரீஃபண்ட் கணக்கு ஒத்துப்போனதும் காத்திருந்தவர்கள் விவரத்தை அழித்துவிடுங்கள். அடுத்த நாடக விளம்பரம் அனுப்ப வேண்டும் என்றால் ஃபார்மிலேயே தனி டிக் பெட்டி வைத்துச் சம்மதம் வாங்கியிருக்க வேண்டும். 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுச் சட்டம் இதைத்தான் கேட்கிறது.


வாசல்_பணி:

குழு விஷயத்தில் முன்பதிவு_மேசை சொல்வதை ஒரு இடத்தில் மறுக்கிறேன். உங்கள் பின்பகுதியில் எண் கிடையாது. அங்கே ஒற்றைச் சீட்டுகள் தனித்தனியாக வந்தாலும் சேர்த்து விற்கலாம். ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு ஒற்றை வந்தால் இரண்டு கேட்டவருக்குக் கொடுப்பதில் தப்பில்லை. முன்பகுதியில்தான் அவர் சொல்வது முழுக்கச் சரி. பி-7, ஈ-3 என்று வந்ததை ஜோடியாகக் கேட்டவரிடம் விற்கும் முன் "அடுத்தடுத்து இல்லை" என்று செய்தியிலேயே சொல்லுங்கள்.

ஒதுக்கி வைத்த 24-ஐ யாரும் பேசவில்லை. உங்கள் பட்டியலுக்கு நிச்சயமாகக் கிடைக்கக்கூடிய சீட் அதுதான். விருந்தினர், ஸ்பான்சரிடம் புதன் மாலைக்குள் பெயர் கேளுங்கள், வராத பெயர்களின் சீட் வியாழன் காலையில் பட்டியலுக்கு. ஆனால் எல்லாவற்றையும் விட்டுவிடாதீர்கள். நாலு சீட்டைக் காட்சி தொடங்கும்வரை கையில் வையுங்கள், இரண்டு முன்னால், இரண்டு பின்னால், வழியோரம். உடைந்த நாற்காலி, ஒரே எண்ணில் இரண்டு டிக்கெட், சக்கர நாற்காலியில் வந்தவரின் துணை, இதில் ஏதாவது ஒன்று வந்தே தீரும்.

எண் போட்ட சீட் கை மாறும்போது புதிய டிக்கெட்டில் அதே இருக்கை எண், ஆனால் டிக்கெட் எண் புதிது. பழைய கியூஆரைத் திருத்தி அனுப்பாதீர்கள், பழையவரிடம் படம் இருக்கும். வாசலில் ஸ்கேன் செய்பவர் பார்ப்பது டிக்கெட் எண்ணை, அது செல்லாத பட்டியலில் இருந்தால் திரை சிவப்பாக வேண்டும். அரங்க வாசலில் சிக்னல் இருக்கும் என்று நம்பாதீர்கள். மாலை 5 மணிக்கு விற்பனையை நிறுத்தி, அந்த நிமிடத்து இறுதிப் பட்டியலை ஸ்கேன் செய்யும் இரண்டு போனிலும் இறக்கிக்கொண்டு, ஒரு பிரதியை அச்சிட்டும் வையுங்கள். ஐந்துக்குப் பிறகு ஒரு டிக்கெட் மாறினால் அச்சுப் பிரதியில் பேனாவால் அடித்து எழுதுங்கள், இரண்டு போனுக்கும் வாயால் சொல்லுங்கள்.

வாங்கியும் வராதவர் சீட்டில் கை வைக்கலாமா என்று கடைசி நேரத்தில் ஒரு ஆசை வரும். டிக்கெட்டில் "6.40-க்குப் பிறகு இருக்கை உறுதி இல்லை" என்று முன்பே அச்சாகியிருந்தால் மட்டும். இல்லையென்றால் தொடாதீர்கள். அவினாசி சாலை நெரிசலில் மாட்டி 6.50-க்கு வருபவருக்கும் அந்தச் சீட் சொந்தம், அவர் காசு கொடுத்திருக்கிறார். பின்பகுதியில் எத்தனை காலி என்று தெரிய, வாசலில் ஒருவர் விரலால் அமுக்கும் எண்ணியை வைத்து உள்ளே போனவரை எண்ணட்டும்.

நேரில் வந்து நிற்பவர்கள் எப்படியும் பத்துப் பேர் இருப்பார்கள், "வர வேண்டாம்" என்று எழுதினாலும். டிக்கெட் உள்ளவர்கள் போகும் வழியில் அவர்களை நிறுத்தாமல் தனி மேசை, தனிக் காகிதம். பட்டியலில் இருந்து வந்தவர் முதலில், பட்டியலில் இல்லாதவர் பிறகு. 6.25-க்கு நாலு கைச் சீட்டில் தேவைப்படாததை இவர்களுக்குக் கொடுக்கலாம். நடைபாதையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு இன்னும் பத்துப் பேரை ஏற்றலாம் என்று யாராவது சொல்வார்கள், அரங்கத்தின் ஆளே சொல்வார். உரிமத்தில் 286 என்றால் 286தான். தீ விபத்து என்றால் அந்த நடைபாதைதான் வெளியேறும் வழி.


கோவை_அரங்கம்:

ஃபார்ம் இன்று இரவு போடுகிறேன், திருப்பும் ஃபார்மும் சேர்த்து. ஒன்று மட்டும்: அழைத்தும் பதில் சொல்லாதவரை வரிசையின் கடைசிக்கு அனுப்புவதா, நீக்குவதா?


கல்லாப்பெட்டி:

முதல் முறை கடைசிக்கு, இரண்டாவது முறை நீக்கம். "வேண்டாம்" என்று பதில் அனுப்பியவரை உடனே விலகலில் போடுங்கள். "இந்த முறை ஒற்றைச் சீட் வேண்டாம், இரண்டு வந்தால் சொல்லுங்கள்" என்பவர் மட்டும் தன் இடத்திலேயே நிற்கலாம், அவர் பதில் சொல்லியிருக்கிறார் அல்லவா. வியாழன் இரவுக்குப் பிறகு கடைசிக்கு அனுப்புவதில் அர்த்தமில்லை, நேராக நீக்கிவிட்டு அடுத்த எண்ணைக் கூப்பிடுங்கள். வெள்ளி மாலை, இன்னும் பட்டியலில் இருக்கும் எல்லோருக்கும் "இனி இடம் கிடைப்பது கடினம், இரண்டு மணி நேரத்தில் வர முடியும் என்று குறித்தவர்களை மட்டும் நாளை அழைப்போம்" என்று ஒரு செய்தி போய்விட வேண்டும். அவர்கள் சனிக்கிழமைக்கு வேறு ஏற்பாடு செய்துகொள்வார்கள்.